இ.கோலி தன் வேதி ஏற்பிகளை ஏன் முனையில் குவிக்கிறது? பரப்பி வைப்பதல்லவா ஆதாயம்?

நீராய்வாளர், ஜூரோங்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஜூரோங்கில் உள்ள ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாதிரி நீரைக் குழித்தட்டில் ஊற்றி, ஓரிரவு காப்பகத்தில் வைத்திருந்து, மறுநாள் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும் குழிகளை எண்ணி, இ.கோலி என்னும் பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் அன்றாடப் பணி. எண்ணிக்கைக்கு மேல் அந்த உயிரியைப் பற்றி எங்கள் வேலையிடத்தில் யாரும் கேட்பதில்லை. ஆர்வத்தால் நானாகவே படித்து வருகிறேன். அப்படிப் படித்ததில் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

முதலாவது, ஹோவர்ட் பெர்க்கும் எட்வர்ட் பர்செலும் 1977இல் வெளியிட்ட கணக்கு. செல்லின் ஆரம் 1 மைக்ரோமீட்டர் என்றும், வெளியிலுள்ள மூலக்கூறுகளைப் பிடித்து உணரும் புரதமான ஏற்பி ஒவ்வொன்றும் 1 நானோமீட்டர் ஆரமுள்ள ஒட்டும் புள்ளி என்றும் வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 3000 ஏற்பிகளை மேற்பரப்பெங்கும் தூவினாலே போதும். செல்லின் மேற்பரப்பு முழுவதுமே ஏற்பியாக இருந்தால் எத்தனை மூலக்கூறுகள் பிடிபடுமோ, அதில் பாதி பிடிபட்டுவிடும். இத்தனைக்கும் அந்த 3000 புள்ளிகள் அடைக்கும் இடம் மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. செல்லின் அருகே வந்துவிட்ட மூலக்கூறு, விலகிப் போவதற்கு முன் மேற்பரப்பின் பல இடங்களில் திரும்பத் திரும்ப மோதுவதால்தான் இது நடக்கிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏற்பிகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். நெருக்கி வைத்தால் ஒன்று பிடிக்க வேண்டிய மூலக்கூறைப் பக்கத்திலுள்ளது பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஜானின் மேடாக்கும் லூசி ஷபிரோவும் 1993இல் கண்டது. இ.கோலியின் ஏற்பிகள் எங்கே இருக்கின்றன என்று எதிர்ப்பொருள் கொண்டு குறியிட்டுப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை செல்லின் முனைகளில் கூட்டமாக இருந்தன. அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் கீ-ஏ, கீ-டபிள்யூ என்னும் புரதங்களும் அங்கேயே இருந்தன.

கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேர்வுக்கு உள்ளாகி வந்த ஓர் உயிரி, கணக்கு சொல்வதற்கு நேர் எதிராக ஏன் நடந்துகொள்கிறது? குவித்து வைப்பதால் கிடைக்கும் பலன், பிடிபடாமல் போகும் மூலக்கூறுகளின் இழப்பை ஈடுகட்டுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தேக்காவாசி:

எனக்கு உயிரியல் பின்னணி இல்லை, பொறியியல்தான். இருந்தாலும் இதில் புதிராக எதுவும் தெரியவில்லை. விலங்குகளுக்கு மூக்கு முகத்தின் முன்பக்கத்தில் இருப்பதைப் போல, நீந்திப் போகும் உயிரிக்கு முன்முனையில் உணர்கருவி இருந்தால்தானே எதிரே வருவதை முதலில் அறிய முடியும்? முன்முனையில் கிடைக்கும் அளவையும் பின்முனையில் கிடைக்கும் அளவையும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் உணவு அதிகம் என்பதும் தெரிந்துவிடும்.


அகர்த்தட்டு, தோ பாயோ:

தேக்காவாசி எழுதியிருப்பது பலருக்கும் முதலில் தோன்றும் விளக்கம்தான். ஆனால் இ.கோலியின் நடத்தையைப் பார்த்தவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். நான் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள்; கட்டமைப்பு நுணுக்கங்களை மற்றவர்கள் சொல்லட்டும், நீச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், இந்த உயிரிக்கு முன்முனை, பின்முனை என்று நிலையாக எதுவும் கிடையாது. உடலின் பல இடங்களிலிருந்து முளைக்கும் கசையிழைகள் ஒரே திசையில் சுழலும்போது ஒன்றாகத் திரண்டு செல்லைத் தள்ளுகின்றன. ஏறக்குறைய ஒரு நொடி அப்படி நேராக ஓடுகிறது. பிறகு ஒன்றோ சிலவோ எதிர்த்திசையில் சுழலத் தொடங்க, திரள் குலைந்து, பத்தில் ஒரு நொடி அளவுக்குத் தடுமாறிப் புரள்கிறது. மறுபடி ஓடும்போது புதிய திசை. அந்த ஓட்டத்தில் எந்த முனை வேண்டுமானாலும் முன்னால் இருக்கலாம் என்பதை 1995இல் பெர்க்கும் லிண்டா டர்னரும் காட்டினார்கள். ஏற்பிக் கூட்டங்களும் பெரும்பாலும் இரண்டு முனைகளிலும் இருக்கின்றன.

அடுத்து, இரு முனைகளையும் ஒப்பிடுவது என்ற கருத்து. செல்லின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அந்தச் சிறு தொலைவில் உணவின் செறிவு மாறுவது மிகச் சொற்பம்; மூலக்கூறுகள் தற்செயலாக வந்து மோதுவதில் உள்ள ஏற்ற இறக்கத்திலேயே அந்த வேறுபாடு மூழ்கிவிடும். ஆகவே இ.கோலி இடத்தை இடத்தோடு ஒப்பிடுவதில்லை. இப்போதைய அளவைச் சற்று முன்பிருந்த அளவோடு ஒப்பிடுகிறது. நொடிக்கு 20 மைக்ரோமீட்டருக்கு மேல் நீந்துவதால், ஒரே ஓட்டத்தில் தன் உடல் நீளத்தைப்போல் பத்து மடங்கு தொலைவைக் கடந்துவிடுகிறது. 1972இல் மெக்நாப், கோஷ்லண்டு இருவரும் பாக்டீரியா நீந்தும் நீரில் உணவுப் பொருளைத் திடீரெனச் சீராகக் கலந்துவிட்டார்கள். எல்லாப் பக்கமும் ஒரே செறிவுதான், ஏறுமுகம் இறங்குமுகம் எதுவுமில்லை. ஆனாலும் செல்கள் சிறிது நேரம் புரளாமல் நேராகவே ஓடின. முனைகளை ஒப்பிடும் உயிரியாக இருந்தால் அந்த நீரில் அது எதையும் உணர்ந்திருக்கக் கூடாது. பின்னர் 1986இல் செய்த அளவீடுகளில், கடந்த ஒரு நொடியில் கிடைத்ததை அதற்கு முந்தைய மூன்று நொடிகளில் கிடைத்ததோடு இ.கோலி ஒப்பிடுகிறது என்பது வரை தெரியவந்தது.

இதைக் கண்ணால் பார்க்க விலையுயர்ந்த நுண்ணோக்கி தேவையில்லை. ஏறத்தாழ 0.3 விழுக்காடு அகர் மட்டும் சேர்த்த, அசைத்தால் ஆடும் அளவுக்கு இளகிய, டிரிப்டோன் என்னும் ஊட்டப்பொருள் கலந்த தட்டின் நடுவில், நோய் உண்டாக்காத, நன்கு நீந்தக்கூடிய கே-12 வகைச் செல்களை ஒரு சொட்டு வைத்தால், சில மணி நேரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் வெளிநோக்கி நகரும். வெளி வளையம் செரின் என்னும் அமினோ அமிலத்தைத் தின்றுகொண்டே அதைத் துரத்திச் செல்லும் கூட்டம், உள் வளையம் அஸ்பார்டேட் என்னும் இன்னோர் அமினோ அமிலத்தைத் துரத்தும் கூட்டம். தட்டைச் சாய்த்து விளக்கொளியில் பிடித்தால் வளையத்தின் விளிம்பு கூர்மையாகவும் நடுப்பகுதி மங்கலாகவும் தெரியும். உடல் வெப்பத்தைவிட 30 பாகையில்தான் கசையிழைகள் நன்றாக முளைக்கும் என்பதால் நம் ஊர்ப் பகல் வெப்பமே இதற்குப் போதும். குளிரூட்டி ஓடும் ஆய்வுக்கூடத்தில் வைத்தால்தான் வளையம் சோம்பிப் போகும்.

ஆக, முனையில் இருப்பது திசை அறிவதற்காக அல்ல. பின் எதற்கு என்பதை நானும் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.


அறுகோணம், புக்கிட் தீமா:

அகர்த்தட்டு அம்மாவின் விளக்கத்திலிருந்தே தொடர்கிறேன். நான் முனைவர் பட்ட ஆய்வில் பாக்டீரியாக்களை உறைய வைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பவன். நீராய்வாளர் ஐயா கேட்ட கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏற்பிகள் ஏன் கூட்டமாக இருக்கின்றன என்பது ஒன்று; அந்தக் கூட்டம் ஏன் முனையில் இருக்கிறது என்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே பதிலைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் கேள்வியை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

இ.கோலியில் ஐந்து வகை ஏற்பிகள் உண்டு. செரினுக்கு டிஎஸ்ஆர், அஸ்பார்டேட்டுக்கும் மால்டோஸுக்கும் டார். இவை இரண்டும் எண்ணிக்கையில் மிக அதிகம். ரைபோஸுக்கும் கேலக்டோஸுக்கும் டிஆர்ஜி, சிறு பெப்டைடுகளுக்கு டாப், ஆக்சிஜன் நிலையை மறைமுகமாக அறிய ஏர். இவை மூன்றும் குறைந்த எண்ணிக்கையில் இருப்பவை. எல்லாம் சேர்ந்து ஒரு செல்லில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் 30 நானோமீட்டருக்கும் மேல் நீண்ட, ஒல்லியான புரதம். இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு நிற்கும். வெளிமுனையில் அஸ்பார்டேட் ஒட்டினால், சவ்வை ஊடுருவும் சுருள்களில் ஒன்று உள்நோக்கி ஒன்றிரண்டு ஆங்ஸ்ட்ராம் மட்டும் நகர்கிறது; அதாவது ஓர் அணுவின் அகலம். இவ்வளவு சிறிய அசைவு செல்லின் உட்புறமுள்ள மறுமுனை வரை போய், அங்கே இருக்கும் கீ-ஏ என்னும் கைனேஸ் நொதியை அடக்க வேண்டும். கீ-ஏ தன்மீது ஏற்றிக்கொண்ட பாஸ்பேட்டைக் கீ-ஒய் என்னும் சிறு புரதத்துக்குக் கொடுக்கும். பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் கசையிழை மோட்டாரில் போய் ஒட்டினால் சுழற்சி திசை மாறிச் செல் புரளும். உணவு கூடினால் கீ-ஏ அடங்கும், கீ-ஒய்யில் பாஸ்பேட் குறையும், புரள்வது தள்ளிப்போகும், ஓட்டம் நீளும். பாதை இவ்வளவுதான்.

இப்போது கட்டமைப்புக்கு வருகிறேன். 1999இல் டிஎஸ்ஆர் ஏற்பியின் உட்பகுதியைப் படிகமாக்கிப் பார்த்தபோது, மூன்று இணைகள் நுனிகளில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது தெரிந்தது. அப்படிப்பட்ட இரண்டு மும்மைகள், ஒரு கீ-ஏ இணை, இரண்டு கீ-டபிள்யூ ஆகியவை சேர்ந்ததே வேலை செய்யக்கூடிய மிகச் சிறிய அலகு. ஆனால் கதை அதோடு நிற்பதில்லை. கீ-ஏயின் ஒரு பகுதியும் கீ-டபிள்யூவும் மாறி மாறிக் கைகோத்து ஆறு உறுப்புகள் கொண்ட வளையமாகின்றன. வளையங்கள் அடுத்தடுத்து இணைந்து பின்னலாகப் படர்கின்றன. ஒவ்வோர் அறுகோணத்தின் மூலையிலும் ஒரு மும்மை நிற்கும். ஓர் அறுகோணத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு உள்ள தொலைவு 12 நானோமீட்டர். 2009இல் அரியான் பிரீகல், கிராண்ட் ஜென்சன் குழுவினர் ஒன்றுக்கொன்று தொலைதூர உறவே உள்ள 13 வகைப் பாக்டீரியாக்களை உறைநிலையில் பார்த்தார்கள். அத்தனையிலும் அதே அறுகோணம், அதே 12 நானோமீட்டர். பரிணாமத்தில் இவ்வளவு விலகிப் போன உயிரிகளில் ஓர் அளவு மாறாமல் நிற்கிறது என்றால், அது வெறும் நெரிசலால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

திரையில் இதைப் பக்கவாட்டில் பார்ப்பது ஒரு தனி அனுபவம். உள்சவ்வுக்கு இணையாக, அதிலிருந்து சுமார் 25 நானோமீட்டர் உள்ளே, சீரான ஒரு கருங்கோடு ஓடும். கீ-ஏயும் கீ-டபிள்யூவும் அமைந்த அடுக்கு அது. சவ்வுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே ஏற்பிகள் நெருக்கமாகச் செங்குத்தாக நிற்கும். பருமனான ரைபோசோம்கள் அந்த இடைவெளிக்குள் நுழைய முடியாமல் ஒதுங்கி நிற்பதால், சுற்றிலும் புள்ளிமயமான செல்லில் அந்தப் பகுதி மட்டும் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கும்.

இந்தப் பின்னலின் பலன் என்ன? கூட்டமாக இருக்கும் ஏற்பிகள் தம் நிலையை அண்டை ஏற்பிகளுக்குக் கடத்தினால் உணர்திறன் பெருகும் என்று டென்னிஸ் பிரேயும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் கோட்பாடாகச் சொன்னார்கள். விக்டர் சூர்ஜிக்கும் பெர்க்கும் 2002இல் அதை அளந்தே காட்டினார்கள். கீ-ஒய்யிலும், அதன் பாஸ்பேட்டை நீக்கும் கீ-இசட்டிலும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் புரதங்களை ஒட்டவைத்து, அவை நெருங்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றல் தாவுவதைக் கொண்டு கைனேஸின் வேகத்தைக் கணித்தார்கள். அஸ்பார்டேட் ஒட்டிய ஏற்பிகளின் பங்கில் ஏற்படும் சிறு மாற்றத்தைப்போல் ஏறத்தாழ 35 மடங்கு மாற்றம் கைனேஸின் வேகத்தில் தெரிந்தது. ஏற்பிகள் தனித்தனியாக நின்றிருந்தால் இது நடக்காது. ஓர் ஏற்பியின் அசைவு பல கைனேஸ்களை எட்டுவதால்தான் நடக்கிறது.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், பெர்க்கும் பர்செலும் போட்டது மூலக்கூறைப் பிடிப்பதற்கான கணக்கு. பின்னல் இருப்பது பிடித்ததைப் பெருக்கி ஒரு முடிவாக மாற்றுவதற்கு. இரண்டும் வெவ்வேறு வேலைகள்.


நீராய்வாளர், ஜூரோங்:

மிக்க நன்றி. பல நாள் முடிச்சு பாதி அவிழ்ந்தது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று, 35 மடங்கு பெருக்கினால் உண்மையான செய்தியோடு இரைச்சலும் அல்லவா 35 மடங்காகும்? பிடிபடும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைந்து, இரைச்சல் கூடி, அதைப் பெருக்கவும் செய்தால் செல்லுக்கு என்ன ஆதாயம்? இரண்டு, எல்லா வகை ஏற்பிகளும் ஒரே பின்னலில் கலந்து நின்றால், செரின் நிறைந்த இடத்தில் மொத்தப் பின்னலும் அடங்கிப்போய், அஸ்பார்டேட்டை உணரவே முடியாத நிலை வராதா?


கணக்கன், உட்லண்ட்ஸ்:

இரைச்சல் பற்றிய ஐயத்துக்கு நான் முயல்கிறேன். இயற்பியல் படித்தவன், செல்களைத் தொட்டதில்லை.

உள்ளே வரும் செய்தியைப் பெருக்கினால் அதோடு வந்த இரைச்சலும் அதே அளவு பெருகும் என்பது சரி. ஆனால் இரைச்சல் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. மூலக்கூறுகள் தற்செயலாக வந்து மோதுவதால் பிறக்கும் இரைச்சல் பெருக்கத்துக்கு முன்னால் சேர்வது. கீ-ஒய்யில் பாஸ்பேட் ஏறி இறங்குவதிலும், மோட்டார் திசை மாறுவதிலும் பிறப்பவை பெருக்கத்துக்குப் பின்னால் சேர்பவை. முதற்கட்டத்திலேயே செய்தியைப் பெருக்கிவிட்டால் பின்னால் சேரும் இரைச்சல்கள் அதை விழுங்க முடியாது. மின்னணுச் சுற்று வடிவமைப்பவர்கள் பெருக்கியை உணரியின் அருகிலேயே வைப்பதும் இதனால்தான். தேக்காவாசி இதை எளிதில் ஒப்புக்கொள்வார்.

ஆனால் நீராய்வாளரின் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. செல்லின் திறமைக்கு வரம்பு வைப்பது மூலக்கூறுகளை எண்ணுவதில் உள்ள தடுமாற்றமே என்று அவர் எடுத்துக்கொள்கிறார். 1977ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு பலரும் அப்படித்தான் நினைத்தார்கள், அந்த வரம்பை இ.கோலி தொட்டுவிட்டது என்றுகூட எழுதினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் தியரி எமோனே, பெஞ்சமின் மச்டா ஆகியோரின் குழுக்கள் அண்மையில் தனித்தனிச் செல்களில் கைனேஸின் வேகத்தை அளந்து, உட்புற இரைச்சலையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தன. இ.கோலி உண்மையில் பெறும் தகவல், மூலக்கூறு மோதல் மட்டுமே தடையாக இருந்தால் பெறக்கூடியதைவிட மிகமிகக் குறைவு என்பது அவர்களின் முடிவு. செல்லுக்குள்ளேயே, ஏற்பி தொடங்கி கைனேஸ் வரை உள்ள பாதையில் எழும் இரைச்சல்தான் பெரும் தடை. அப்படியென்றால் ஏற்பிகளைப் பரப்பி வைத்து இன்னும் பல மூலக்கூறுகளைப் பிடித்தாலும் செல்லுக்குப் பெரிதாக எதுவும் கிடைத்துவிடாது. குவிப்பதால் வரும் இழப்பு உண்மையானதுதான். ஆனால் அந்த இழப்பு விழுவது செல்லுக்கு நெருக்கடியே இல்லாத இடத்தில்.

பின்னலே இரைச்சலை உண்டாக்கவும் செய்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 2017இல் வெளியான ஒற்றைச் செல் அளவீடுகளில், தகவமைப்பு நொதிகள் (ஏற்பிகளைப் பழைய நிலைக்குத் திருப்புபவை) நீக்கப்பட்ட சில செல்களில், வெளியே எந்த மாற்றமும் இல்லாதபோதும் கைனேஸின் வேகம் இரண்டு நிலைகளுக்கிடையே தானாகத் தாவியது. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் தனித்தனியாக ஆடினால் சராசரியில் அந்த ஆட்டம் தெரியாமல் போயிருக்கும். கூட்டாக அசைவதால்தான் வெளியே தெரிகிறது. இறுக்கமாகப் பின்னினால் உணர்திறன் கூடும், ஆட்டமும் கூடும். நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை, விலையாகப் பார்க்கிறேன்.


அறுகோணம், புக்கிட் தீமா:

கணக்கன் எழுதியதற்கு ஒரு சோதனைச் சான்றைச் சேர்த்துவிட்டு இரண்டாம் ஐயத்துக்கு வருகிறேன். ஜான் பார்க்கின்சன், ஆடி வக்னின் குழுவினர் 2016இல், கீ-டபிள்யூவில் தேர்ந்தெடுத்த சில மாற்றங்களைச் செய்து, அலகுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள பிணைப்பை மட்டும் உடைத்தார்கள். ஒவ்வோர் அலகும் முழுமையாக இருந்தது, உணவு வந்தால் கைனேஸ் அடங்கவும் செய்தது. ஆனால் முன்பு சொன்ன அந்தப் பெருக்கம் போய்விட்டது. செறிவு மெல்ல ஏறும் பாதையில் உணவை நோக்கிச் செல்லும் திறனும் குறைந்தது. அலகு வேலை செய்தால் மட்டும் போதாது, அலகுகள் இணைந்திருக்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இனி செரினும் அஸ்பார்டேட்டும். ஒரே மும்மையில் டாரும் டிஎஸ்ஆரும் கலந்தே நிற்கும் என்பது உண்மை. ஒன்றின் செய்தி மற்றொன்றின் செய்தியோடு கூடும் என்பதும் உண்மை. செரின் திடீரென வெள்ளமாக வந்தால் சிறிது நேரத்துக்கு மொத்தப் பின்னலும் அடங்கத்தான் செய்யும். அந்த நிலையிலிருந்து மீட்பதுதான் ஏற்பியின்மீது ஏற்றவும் நீக்கவும் கூடிய மீத்தைல் என்னும் சிறு வேதித் தொகுதிகளின் வேலை. ஒவ்வோர் ஏற்பியின் உட்பகுதியிலும் மீத்தைல் ஏற்றக்கூடிய இடங்கள் நான்கோ அதற்குச் சற்று மேலோ உண்டு. கீ-ஆர் நொதி அவற்றில் மீத்தைலை ஏற்றிக் கைனேஸை மறுபடி எழுப்பும். கீ-பி நொதி அவற்றை நீக்கி அடக்கும். கீ-பியை முடுக்குவதே கீ-ஏதான் என்பதால், கைனேஸ் அளவுக்கு மீறி வேகமானால் அது தன்னைத்தானே கட்டுக்குள் கொண்டுவருகிறது. செரின் அதிகமாகவே நீடித்தாலும், டிஎஸ்ஆர் ஏற்பிகளில் மீத்தைல் ஏறி, சில நிமிடங்களுக்குள் கைனேஸ் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அதன்பின் அஸ்பார்டேட் சற்றே கூடினாலும் தெரியும். அகர்த்தட்டு அம்மா சொன்ன மூன்று நொடி நினைவு பதிந்திருப்பதும் இந்த மீத்தைல்களில்தான்.

குவித்து வைப்பதன் இன்னொரு பலன் இங்கேதான் வெளிப்படுகிறது. பெருக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். ஏற்பிகள் ஆயிரக்கணக்கில் இருக்க, கீ-ஆர், கீ-பி நொதிகள் ஒரு செல்லில் சில நூறு மட்டுமே. டார், டிஎஸ்ஆர் ஏற்பிகளின் கடைக்கோடியில், ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பிடிமானம் நீண்ட வாலின் நுனியில் தொங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்ட கீ-ஆர், அந்த ஓர் ஏற்பிக்கு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள ஏழெட்டு ஏற்பிகள் வரை மீத்தைல் ஏற்ற முடியும். எண்ணிக்கையில் குறைந்த டிஆர்ஜிக்கும் டாப்புக்கும் அந்தப் பிடிமானமே கிடையாது. அவை தனியாக நின்றால் உணரும், ஆனால் பழைய நிலைக்குச் சரிவரத் திரும்ப முடியாமல் திணறும். டார், டிஎஸ்ஆர் நடுவே நின்றால் அண்டை ஏற்பியைப் பிடித்திருக்கும் நொதி இவற்றுக்கும் உதவும். ரைபோஸைத் தேடிப் போகும் திறமை, ரைபோஸோடு எந்தத் தொடர்புமில்லாத ஏற்பிகளின் அண்மையைச் சார்ந்திருக்கிறது.


நீராய்வாளர், ஜூரோங்:

தொடக்கக் கல்லூரியில் ஏற்பி என்றால் இன்சுலின் ஏற்பியைப் படித்ததோடு சரி. பாக்டீரியாவில் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. கூட்டம் ஏன் என்பது தெளிவாகிவிட்டது. தம்பி, நீங்கள் ஒத்திவைத்த அந்தக் கேள்வி மட்டும் பாக்கி: கூட்டம் ஏன் முனையில்?


அறுகோணம், புக்கிட் தீமா:

ஐயா, இ.கோலியைப் பொறுத்தவரை, முனைக்குப் போக வேண்டும் என்று ஒரு புரதம் கட்டளையிடுவதாகத் தெரியவில்லை. ஏற்பிகள் சவ்வின் எந்த இடத்திலும் செருகப்படலாம். பிறகு அவை சவ்வில் உலவி, ஏற்கெனவே உள்ள கூட்டத்தைச் சந்தித்தால் அதில் ஒட்டிக்கொள்கின்றன. எந்தக் கூட்டத்தையும் சந்திக்காமல் நெடுநேரம் அலைந்தவை புதுக் கூட்டத்தைத் தொடங்குகின்றன. 2009இல் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஒளிரவைத்து, 326 செல்களில் 11 லட்சம் புரதங்களின் இடத்தைச் சராசரியாக 15 நானோமீட்டர் துல்லியத்தில் குறித்தார்கள். கூட்டத்துக்கு என்று குறிப்பிட்ட அளவு எதுவும் இல்லை. பெரியவை சில, சிறியவை பல. டார் ஏற்பிகளில் மூன்றில் ஒரு பங்கு முனையில் இல்லாமல் பக்கவாட்டுச் சிறு கூட்டங்களிலேயே இருந்தது. வெளியிலிருந்து யாரும் வழிநடத்தாமல் தானாகவே கூடி வளர்வது என்ற விளக்கத்துக்கு அந்தப் பரவல் பொருந்தியது.

அப்படியானால் பெரிய கூட்டம் மட்டும் ஏன் முனையில்? ஒரு காரணம், பக்கச்சுவர் தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருக்க, முனைச்சுவர் உருவானபின் ஏறக்குறைய வளராமல் நிற்கிறது; அங்கே சேர்ந்தது கலையாமல் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். பழைய முனையில் கூட்டம் பெரிதாகவும், புதிதாகப் பிரிந்த முனையில் சிறிதாகவும் இருப்பது இதனால்தான். பக்கவாட்டுக் கூட்டங்களில் சில, அடுத்துச் செல் பிரியப் போகும் இடத்திலேயே அமைந்துவிடுவதால், பிரிந்ததும் அவை முனைக் கூட்டங்களாகிவிடும். முனையில் சவ்வின் வளைவு கூடுதலாக இருப்பதும், உட்சவ்வையும் வெளிச்சவ்வையும் இணைக்கும் டால்-பால் புரதத் தொகுதி கூட்டத்தின் நகர்வைத் தடுப்பதும் இதற்குத் துணை செய்கின்றன. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.

இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. காலரா உண்டாக்கும் விப்ரியோவுக்கு ஒரு முனையில் மட்டுமே கசையிழை. அங்கே ஏற்பிக் கூட்டத்தைத் தற்செயலுக்கு விடாமல், பார்-சி, பார்-பி என்னும் புரதங்கள் முனையில் நிறுத்தி வைக்கின்றன, புதிய முனைக்கும் கொண்டு சேர்க்கின்றன. அதைவிட விந்தையானது ரோடோபாக்டர் ஸ்பீராய்டஸ். ஆக்ஸ்ஃபோர்டில் ஜூடித் ஆர்மிடேஜின் குழு நெடுங்காலம் ஆராய்ந்த இந்த உயிரியில், முனையில் ஒரு கூட்டம் இருப்பதோடு, சவ்வையே தொடாத ஏற்பிகளின் இன்னொரு கூட்டம் செல்லின் நடுவில் சைட்டோபிளாசத்தில் மிதக்கிறது. செல் பிரிவதற்கு முன் பிபிஎஃப்-ஏ என்னும் புரதம் அதை இரண்டாக்கி, மகள் செல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கிடைக்குமாறு இடம் பிடித்துக் கொடுக்கிறது. குரோமோசோம்களையும் பிளாஸ்மிடுகளையும் பிரித்து வைக்கும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதை நீக்கிவிட்டால் ஒரே கூட்டம்தான் இருக்கும். மகள் செல்களில் ஒன்று அந்தக் கூட்டம் இல்லாமலேயே பிறக்கும்.

அந்த மிதக்கும் கூட்டத்தையும் உறைநிலையில் பார்த்திருக்கிறார்கள். தாங்கிப் பிடிக்கச் சவ்வு இல்லாததால், இரண்டு ஏற்பி அடுக்குகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நடுவில் பிணைந்து நிற்கின்றன. கீ-ஏ, கீ-டபிள்யூ அடுக்குகள் மேலும் கீழும் வெளிப்புறத்தில் அமைந்திருக்கின்றன. முனை இல்லை, வளைவு இல்லை, சவ்வே இல்லை. ஆனாலும் அதே அறுகோணங்கள், அதே 12 நானோமீட்டர் இடைவெளி.